தராசும் செங்கோலும்: மூதறிஞர் இராஜாஜியின் பொருளியல் வாழ்வு

விருதுநகரில் இருந்துகொண்டு மூதறிஞர் இராஜாஜியின் வாழ்க்கையை எழுதப் புகுவோர்க்குச் சிறிது துணிவு வேண்டும். பெருந்தலைவர் காமராசர் பிறந்த மண் இது. அவருக்கு எதிரணியில் நின்றவர் என்னும் ஒரு வரியிலேயே இராஜாஜியை அடக்கிவிடுவது இப்பகுதியார் வழக்கம். ஆயினும் இவ்வூர் விளைநிலத்தால் வளர்ந்த ஊர் அன்று. தராசாலும் பேரேட்டாலும் வளர்ந்த ஊர். சந்தைக்குள் அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்னும் வினாவைத் தமிழகத்தில் இடைவிடாது எழுப்பியவர் இராஜாஜி. அவ்வினாவுக்கு அவர் தம் வாழ்க்கையால் அளித்த விடைகளை நிறுத்துப் பார்ப்பதற்கு இந்தக் கரிசல் சீமையின் தராசைவிடப் பொருத்தமானது வேறொன்று இல்லை.

சேலம் மாவட்டத்தில் அந்நாளில் அடங்கியிருந்த ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார் அச்சிற்றூரின் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் முடித்து, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். பொருள் குவிந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்னும் வேட்கையால் கலைச்சொல் ஆக்கத்திற்கென ஒரு சங்கம் நிறுவி 1916ஆம் ஆண்டிலேயே இதழ் நடத்தியவர் அவர் என்பதைத் தமிழ் அன்பர் பலர் மறந்துவிட்டனர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வழக்கறிஞர் தொழிலைத் துறந்ததும், வேலூர்ச் சிறை புகுந்ததும், 1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள்.

அவருடைய பொருளியல் நோக்கு உருவான இடம் என்று திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைத்தான் சொல்லவேண்டும். 1925இல் அவர் தொடங்கிய அந்த ஆசிரமத்தில் கதரும் நூற்பும் மட்டும் நடைபெறவில்லை. ஏழைக் குடும்பத்தின் வாராந்தர வரவுசெலவை அவர் அருகிருந்து பார்த்தார். உழைத்துச் சேர்த்த கூலி கள்ளுக்கடை வழியாக அரசின் கருவூலத்துக்குச் சென்று சேர்வதைக் கண்டார். மதுவிலக்குக்காகவே அங்கிருந்து 1929இல் வெளிவந்த விமோசனம் இதழில் அவருக்குத் துணை நின்றவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி. திக்கற்ற பார்வதி என்னும் சிறுகதையும் இவ்வனுபவத்தின் விளைவே. குடியினால் வரும் வருவாயை அரசு உண்ணலாகாது என்பதே அவர் கொள்கை. அரசைக் குறைக்கவேண்டும் என்று பின்னாளில் வாதாடியவர் குடியை மட்டும் ஏன் சட்டத்தால் தடுத்தார் என்று வினவுவோர் உண்டு. கள்ளை விற்று வாழும் அரசு அவர் கண்ணுக்கு அரசாகத் தோன்றவில்லை. தீய வணிகம் செய்யும் ஒரு வணிகனாகவே தோன்றியது. வணிகனாகும் அரசின்மீது அவருக்கு ஏற்பட்ட ஐயம் இங்கே வேர்கொண்டது எனலாம்.

1937 ஜூலையில் சென்னை மாகாண முதலமைச்சரானதும் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கள் இறக்கிப் பிழைத்தோர்க்கு அது பேரிடியாயிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் அவர் கொண்டுவந்த பொது விற்பனை வரிச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடியானது. வணிகர் உலகம் கொதித்தது. இன்றளவும் கடைத்தெருவில் பில் போடும்போதெல்லாம் வாங்குவோர் செலுத்தும் வரியின் மூலவேர், பின்னாளில் சந்தையின் காவலர் என்று பெயர் பெற்ற மனிதரின் கையால் நடப்பட்டது! உழவர் கடன்சுமையைக் குறைக்க 1938இல் அவர் இயற்றிய சட்டமும் கடன் கொடுத்தோரின் ஒப்பந்த உரிமையில் கைவைத்ததே. கட்டாய இந்தியால் அவர் ஈட்டிய பழியும் இக்காலத்ததே. ஆகவே தொடக்கமுதலே தடையற்ற சந்தையின் தூதராக அவரை வரைவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

அந்த ஆட்சியின் மற்றொரு செயல் இச்சீமையோடு நேரடித் தொடர்புடையது. கோயில் நுழைவு உரிமை கேட்டதன் விளைவாக 1899இல் சிவகாசி பற்றியெரிந்தது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1908இல் நாடார் சமூகத்துக்கு எதிராகவே முடிந்தது. பொருளீட்டிக் கடைகளும் கல்விச்சாலைகளும் கட்டிய சமூகத்துக்கும் கருவறை வாயில் திறக்கவில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அரிசன மக்களை அழைத்துச் சென்றபோது அக்குழுவில் விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். அந்நுழைவுக்கு எழுந்த வழக்குகளை முறியடிக்க இராஜாஜி உடனடியாகக் காப்புச் சட்டம் பிறப்பித்தார். செல்வத்தால் வாங்க முடியாத ஒன்றைச் சட்டம் ஒரு திங்களுக்குள் தந்தது. இதனை அவரே பின்னாளில் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்பது ஐயத்துக்குரியது.

இச்சீமையின் பொருளியல் வளர்ந்த விதத்தை இங்குச் சிறிது விரித்துரைத்தல் தகும். விருதுபட்டி என்றிருந்து 1923இல் விருதுநகரான இவ்வூரில், விற்பனையாகும் சரக்கின்மீது வணிகர் தாமே விதித்துக்கொண்ட மகிமை என்னும் பொதுநிதி நெடுங்காலமாக உண்டு. உறவின்முறையார் அதனைத் தண்டிக் கிணறு வெட்டினர், பேட்டை அமைத்தனர், பள்ளி நடத்தினர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையில் கட்டணம் இல்லை; வீட்டுக்கு வீடு நாள்தோறும் எடுத்துவைத்த பிடி அரிசி அப்பள்ளியைத் தாங்கியது. அரசின் மானியத்துக்குக் காத்திராமல் மக்கள் தாமே வரி விதித்துத் தாமே செலவிட்ட ஏற்பாடு இது. இராஜாஜி பிற்காலத்தில் கனவு கண்ட சமுதாயத்துக்கு நேர்ச் சான்று காட்ட வேண்டுமாயின் இந்தப் பேட்டைத் தெருவைத்தான் காட்டவேண்டும். அவரோ இதனை அதிகம் எடுத்தாளவில்லை.

வங்க ஆளுநராகவும், இந்தியாவின் தலைமை ஆளுநராகவும், நடுவண் அரசின் உள்துறை அமைச்சராகவும் இருந்து ஓய்ந்த பின்னர், 1952 ஏப்ரலில் மீண்டும் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை; எழுபத்து மூன்று வயது முதியவரை அழைத்துவந்து ஆட்சி அமைத்தனர். அவர் செய்த முதற்பெருஞ் செயல், போர்க்காலத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்காக நீடித்த உணவுப் பங்கீட்டையும் கட்டுப்பாட்டையும் 1952 ஜூனில் நீக்கியது. அந்நாளின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு மாவட்டத்து நெல் மறு மாவட்ட எல்லையைத் தாண்டலாகாது. சோதனைச் சாவடியில் மூட்டையைக் குத்திப் பார்ப்பர். திருமணத்துக்கு அரிசி வாங்கவும் அலுவலகத்துத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். கள்ளச்சந்தை செழித்தது, கையூட்டு பெருகியது. கட்டுப்பாட்டை நீக்கினால் விலை ஏறும், பஞ்சம் வரும் என்று அதிகாரிகள் அஞ்சினர். மழையும் பொய்த்திருந்த காலம் அது. இராஜாஜி பின்வாங்கவில்லை. நடுவண் உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அவருக்கு அரணாக நின்றார். அஞ்சியவாறு பேரழிவு நிகழவில்லை. பதுங்கியிருந்த நெல் வெளிவந்தது. 1954ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் அதே வழியைப் பின்பற்றியது. துவரையும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் விலை பேசும் விருதுநகர்ச் சந்தைக்கு இதன் அருமை தெரியும்: சரக்கு ஓடினால்தான் விலை நிற்கும். அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கு அவர் அவசரச் சட்டம் பிறப்பித்ததையும் சேர்த்தே நினைக்கவேண்டும். நிலக்கிழாரும் பண்ணையாளும் சம எடையுள்ள இரு தட்டுகள் அல்லர் என்பதை அன்றைய முதலமைச்சர் அறிந்திருந்தார்.

அரிசியில் வென்ற அறிவு பள்ளிக்கூடத்தில் தோற்றது. அடுத்த ஆண்டு, 1953இல், ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் வகுத்த புதிய திட்டத்தின்படி மாணவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஒரு முறைவரிசையில் பள்ளிக்கு வருவர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரிடமோ பிற தொழிலாளரிடமோ கைத்தொழில் கற்பர். ஒரே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது கணக்கு. பிள்ளைகளுள் பெரும்பகுதியினர் பள்ளி வாசலையே மிதியாத காலத்தில், கருவூலத்தில் பணமில்லாத ஒரு முதல்வர் போட்ட கணக்கு அது என்பதை அவருடைய எதிரிகள் கருதிப் பார்க்கவில்லை. குலத்தொழிலைத்தான் கற்க வேண்டும் என்று விதி இல்லை என அவர் விளக்கியதும் எடுபடவில்லை. தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகக் காமராசர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்ப்பின் காரணம் சாதி என்பதே பெருவழக்கு. அது மெய்யே. ஆனால் சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் இன்னொரு காரணமும் இருந்தது. அதனை எவரும் உரக்கச் சொல்லவில்லை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த வரலாறு இப்பகுதியார் அறிந்ததே. ஜெர்மனியிலிருந்து பொறிகளை வரவழைத்துத் தொடங்கியவர்கள், வானம் பார்த்த பூமியில் கைகளுக்குப் பஞ்சமில்லை என்று கண்டு கைத்தொழிலுக்கு மாறினர். மழை குறைந்த வானிலை தீக்குச்சியை உலர்த்தித் தந்தது. லேபிள் அச்சிடப் போய் அச்சுத்தொழில் வளர்ந்தது. 1940க்குப் பிறகு பட்டாசுத் தொழில் பெருகியது. அரசுத் திட்டம் எதுவும் இவ்வூரைத் தேடி வரவில்லை. தனிமனித முயற்சிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. எனினும் முழுக் கணக்கையும் சொல்லவேண்டும்: 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தபின், பொறியால் இயங்கிய விம்கோ போன்ற பெருநிறுவனத்தோடு கைத்தொழில் போட்டியிட முடிந்ததற்குச் சிறு உற்பத்தியாளருக்கு அரசு அளித்த வரிச்சலுகை பெருங்காரணம். செங்கோல் சிறிது சாய்ந்து நின்றதால்தான் தராசு நேராக நின்றது.

அந்தக் கைகளுள் குழந்தைகளின் கைகளும் இருந்தன. தீப்பெட்டி ஆபீசு என்று மக்கள் வழங்கும் அத்தொழிற்கூடங்களில் கட்டை அடுக்கவும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் விரும்பப்பட்டன. எண்ணிக்கைக்குக் கூலி. விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற வண்டிகளைப் பற்றி 1980களிலும் செய்திகள் வெளிவந்தன. இப்படிப்பட்ட நிலத்தில் பிள்ளையின் பகற்பொழுதில் பாதியைப் பள்ளி விட்டுக்கொடுத்தால் அதனை யார் எடுத்துக்கொள்வர்? தந்தையின் கலையோ குடும்பத்தின் கைத்திறனோ அன்று. கூலிச் சந்தையே எடுத்துக்கொள்ளும். உழவும் நெசவும் மட்பாண்டமும் தழைத்த ஒரு பழைய சிற்றூரை மனத்தில் வைத்து இராஜாஜி அத்திட்டத்தை வரைந்தார். கரிசற்காட்டுச் சிற்றூரில் குழந்தையின் நேரத்துக்கு விலை வந்துவிட்டது என்பதை அவர் காணவில்லை. நெல்லுக்கு விலையே நல்ல வழிகாட்டி என்று கண்ட கூரிய கண்ணுக்கு, விலை வந்தால் கெட்டுப்போகும் பொருளும் ஒன்றுண்டு என்பது தெரியாமற்போனது பெரிய குறையே. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைக் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நாற்பதாண்டுக்கு முன்னர் காமராசர் திறந்த பள்ளிகளும், 1956இல் தொடங்கிய மதிய உணவும் செய்யத் தொடங்கிய பணியின் எச்சம் அது. அந்த மதிய உணவும் முழுவதும் அரசின் கொடை அன்று. ஊராரின் நன்கொடையும் அரசின் மானியமும் சேர்ந்தே உலை ஏறியது. பிடி அரிசியை உண்டு படித்தவர் அதே பிடி அரிசியை மாநிலம் முழுவதற்கும் விரித்தார் என்றால் மிகையாகாது.

பதவி துறந்த மறு ஆண்டில் இராஜாஜி எடுத்துக்கொண்ட போராட்டம் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டது. காசநோயைத் தடுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமளவில் பி.சி.ஜி. ஊசி போடும் இயக்கத்தை 1955இல் அவர் கடுமையாக எதிர்த்து நூலே எழுதினார். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் துணைநின்ற திட்டம். கிண்டியில் ஆய்வகம் அமைத்துத் தயாரித்த மருந்து. உறுதிப்படாத மருந்தை நலமாயிருக்கும் உடலுக்குள் அரசு செலுத்தலாகாது என்பது அவருடைய வாதம். மருத்துவர்கள் நகைத்தனர். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், செங்கற்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வின் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை. அதனால் அவர் வாதம் முழுதும் வென்றதாகாது. பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. வினவியது சரி, வெறுத்தது தவறு.

ஆவடி காங்கிரஸ் 1955இல் சமதருமப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது இராஜாஜியின் பொறுமை முடிந்தது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எண்பது! என்.ஜி. ரங்கா, மினு மசானி, கே.எம். முன்ஷி ஆகியோர் உடன் நின்றனர். உரிமம், பெர்மிட், கோட்டா என்னும் மூன்று சொற்களால் அவர் அன்றைய ஆட்சிமுறைக்கு இட்ட பெயர் நாட்டின் அரசியல் அகராதியிலேயே நிலைத்துவிட்டது. ஒரு தொழில் தொடங்கவும் விரிக்கவும் மூலப்பொருள் வாங்கவும் தலைநகரத்தில் காத்துக்கிடக்கும் முறை, திறமையுள்ளவனை விட்டுச் செல்வாக்குள்ளவனை வளர்க்கும். ஆளுங்கட்சியின் தேர்தல் நிதிக்கு ஊற்றாகும் என்று கல்கியிலும் சுவராஜ்யாவிலும் வாரந்தோறும் எழுதினார். அத்தமிழ்நடையைக் கவிஞர்கள் பயில வேண்டும். பொருளியலை அணியின்றி, பழகிய உவமைகளால், சிறு சிறு வாக்கியங்களில் சொல்வார். சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு தந்தவர்கள் இந்த உரைநடைக்கும் சேர்த்தே தந்திருக்கலாம். கட்சியில் வந்து சேர்ந்தவர்களோ பெரும்பாலும் குறுநில மன்னர்களும் நிலக்கிழார்களும் பெருமுதலாளிகளும். பேட்டைத் தெருவின் சிறுவணிகனுக்காக எழுதிய பேனா, அரண்மனை முற்றத்தில் மேடை போட நேர்ந்தது.

1967 தேர்தலில் அவர் தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். 1938இல் இந்தியைத் திணித்தவர் இந்தி எதிர்ப்பு அணியில் நின்றார். பங்கீட்டை ஒழித்தவர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்ன கட்சிக்கு வாக்குக் கேட்டார். அரிசித் தட்டுப்பாடும் மாநில எல்லைகளில் மீண்டும் முளைத்த தடைகளும் மக்களை வாட்டிய காலம் அது. விருதுநகர்த் தொகுதியில் பெருந்தலைவர், மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியைச் சுதந்திராக் கட்சியே வென்றது. நாடாளுமன்றத்தில் 44 இடங்கள் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாகவும் உயர்ந்தது. சென்னையில் தி.மு.க. தனிப் பெரும்பான்மை பெற்றதால் ஆட்சிக்கு இராஜாஜியின் துணை தேவைப்படவில்லை.

வாழ்வின் இறுதிக் கட்டம் விந்தையானது. 1971 தேர்தலில் அவரும் காமராசரும் ஒரே மேடையில் ஓரணியாக நின்று, ஒன்றாகத் தோற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. தொண்ணூற்றிரண்டு வயதில் அவர் முதல்வரைக் கண்டு வேண்டிக்கொண்டும் பயனில்லை. புதுப்பாளையத்தில் எதனை எதிர்த்துத் தொடங்கினாரோ, அந்த வருவாயை அரசு மீண்டும் கையில் எடுத்தது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் மாலை சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராஜாஜி காலமானார். அவர் கண்ட கட்சி 1974இல் சரண்சிங் தலைமையிலான அணியில் கரைந்தது. தொழில் உரிம முறையின் பெரும்பகுதி 1991 ஜூலையில் நீக்கப்பட்டது. நீக்கியது காங்கிரஸ் அரசு.